பெற்ற தாயே மகளின் பாதத்தை முறித்துக் கட்டியது எப்படி?

பண்டைய சமூகங்களில் உடலை வதைக்கும் சடங்குகள் இவ்வளவு காலம் எப்படி நீடித்தன, அவர்களுக்கு வலி தெரியாதா, பெற்றவர்களுக்கே இதைச் செய்ய எப்படி மனம் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அந்தக் காலத்து மக்களை இன்றைய அளவுகோலால் எடைபோடுவது நியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வலி தெரியாமல் யாரும் செய்யவில்லை. மகளின் பாதத்தை முறித்துக் கட்டிய சீனத் தாய்க்கும் அதே வயதில் அது செய்யப்பட்டிருந்தது. அந்த வலியை அவளைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை. தெரிந்தும் செய்தாள் என்பதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அறியாமை, காட்டுமிராண்டித்தனம் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்தால், இந்த வழக்கங்களில் சில ஏன் ஆயிரம் ஆண்டு நின்றன என்பது விளங்காது. அப்படி நின்ற ஒன்று ஏன் ஒரே தலைமுறையில் ஒழிந்தது என்பதும் விளங்காது.

சீனாவின் பாதக்கட்டு வழக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கறாராகப் பார்த்தால் அது மிகப் பழைய வழக்கம் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் தென் தாங் அரசவையில் ஆடிய ஒரு நடனப் பெண்ணிடமிருந்து தொடங்கியது என்பது ஐதீகம். ஃபுசோ நகரில் கிடைத்த, 1243ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் கல்லறையில் பாதங்கள் துணியால் கட்டப்பட்டிருந்தன. சின்னஞ்சிறு காலணிகளும் உடன் இருந்தன. ஆனால் வேறு எந்த வழக்கத்தைப் பற்றியும் இவ்வளவு விரிவான சான்றுகள் கிடையாது. அதைச் செய்தவர்கள், பட்டவர்கள், எதிர்த்தவர்கள், ஒழித்தவர்கள் என்று எல்லாத் தரப்பின் குரலும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

நான்கு முதல் ஆறு வயதுக்குள் தொடங்குவார்கள். பெரும்பாலும் குளிர்காலத்தில். குளிரில் பாதம் மரத்துப்போயிருந்தால் வலி சற்றுக் குறையும் என்பது கணக்கு. மூலிகை கலந்த வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, நகங்களை ஒட்ட வெட்டி, பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்குவார்கள். ஏறக்குறைய 5 செ.மீ. அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள துணிப்பட்டையை விரல்களுக்கு மேலே கொண்டுவந்து, குதிகாலைச் சுற்றி இழுத்து, மறுபடி முன்பாதத்துக்குக் கொண்டுவந்து இறுக்குவார்கள். குழந்தை ராத்திரியில் அவிழ்த்துவிடக் கூடாதென்று துணியின் முனையைத் தைத்தும்விடுவார்கள். மறுநாள் அந்தக் காலோடு நடக்கச் சொல்வார்கள். குழந்தையின் எடையே அதன் விரல்களை முறிக்கும்.

சில நாட்களுக்கு ஒருமுறை அவிழ்த்து, கழுவி, முன்பைவிட இறுக்கிக் கட்டுவார்கள். மடங்கிய விரல்களின் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும். சில குழந்தைகளுக்கு விரல் அழுகி விழுந்தது. பாதம் இன்னும் சிறிதாகும் என்று அதையும் நல்லதற்கென்று எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இரத்தத்தில் நஞ்சேறி இறந்த குழந்தைகளும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் பாதத்தின் வளைவு ஒடிந்து, முன்பாதமும் குதிகாலும் நெருங்கி, நடுவில் ஆழமான பிளவு விழும். லட்சிய அளவு மூன்று சீன அங்குலம். நம் கணக்கில் 10 செ.மீ. அளவு. வளர்ந்த ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்க அதன் மீது நிற்க வேண்டும்.

முதுமையில் அது என்ன ஆயிற்று என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பெய்ஜிங்கில் 70 வயதைத் தாண்டிய 193 பெண்களைப் பரிசோதித்த ஆய்வொன்று 1997இல் வெளியானது. எண்பது வயதைத் தாண்டியவர்களில், பாதம் கட்டப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் கீழே விழுந்திருந்தார்கள். கட்டப்படாதவர்களில் அது 19 விழுக்காடு. குந்தி உட்காரவும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவும் அவர்கள் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள். இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தியும் குறைந்திருந்தது. ஐந்து வயதில் கட்டிய துணி எண்பது வயதில் இடுப்பை முறிக்கக் காத்திருந்தது என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டே ஏன் கட்டினார்கள்? சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணின் முகத்துக்கு முன் பாதத்தைப் பற்றி விசாரித்தார்கள். முகம் பிறவியில் வருவது, பாதம் வளர்ப்பில் வருவது. சிறிய பாதம் இருந்தால் அந்தப் பெண் பொறுமைசாலி, சொல்பேச்சுக் கேட்பவள், தாய் கண்டிப்பாக வளர்த்திருக்கிறாள் என்று பொருள். ஊரில் எல்லா வீட்டிலும் கட்டியிருக்கும்போது தன் மகளுக்கு மட்டும் இரக்கம் காட்டுகிற தாய், அவளுக்கு வரும் வரன்களைத் தானே தட்டிவிடுகிறாள். அந்த இரக்கத்தின் விலையைத் தாய் கொடுக்கப் போவதில்லை. மகள்தான் காலமெல்லாம் கொடுப்பாள். பெண்ணுக்குத் திருமணத்தைத் தவிர வேறு போக்கிடமே இல்லாத சமூகத்தில், மகளைக் கரையேற்ற வேண்டும் என்ற கவலைதான் அந்தத் துணியை இறுக்கியது. என் கண்ணில் இந்த வரலாற்றிலேயே மிகக் கொடுமையான பகுதி இதுதான். அன்பையே கருவியாக்கிக்கொண்ட வழக்கம் இது.

வேறு காரணமும் இருந்தது. லாரல் பாசென், ஹில் கேட்ஸ் என்ற இரு மானிடவியலாளர்கள் சீனக் கிராமங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூதாட்டிகளிடம் விசாரித்து ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். நூல் நூற்பது, நெசவு, பாய் பின்னுவது என்று சிறுமிகளின் கைவேலையை நம்பியிருந்த வீடுகளில் பாதக்கட்டு அழுத்தமாக நிலைத்தது. ஆறு வயதுக் குழந்தையை நாளெல்லாம் ராட்டை முன்னால் உட்கார வைக்க வேண்டுமென்றால், அவள் ஓடியாட முடியாத நிலையில் இருப்பது வீட்டுக்கு வசதி. ஆலைநூல் மலிவாக வந்து வீட்டு ராட்டை நின்ற இடங்களில் பாதக்கட்டும் தளர்ந்தது. அழகு, கற்பு, குலப்பெருமை என்ற பேச்சுக்கெல்லாம் அடியில் ஒரு வீட்டுப் பொருளாதாரமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அரசாணைகளால் இதை அசைக்க முடியவில்லை. அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்தார் தங்கள் பெண்களுக்குப் பாதம் கட்டாதவர்கள். பேரரசர் காங்சி 1664இல் சீனர்களுக்கும் தடை விதித்தார். 1668இல் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1902இல் பேரரசித் தாய் சீஷி மறுபடி ஓர் ஆணை பிறப்பித்தார். 1912இல் குடியரசு தடை செய்தது.

அசைத்தது வேறு. 1870களில் சியாமென் துறைமுக நகரில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் தொடங்கிய சிறு சங்கத்திலும், பிறகு காங் யூவெய், லியாங் சிச்சாவ் போன்ற சீனச் சீர்திருத்தவாதிகள் அமைத்த பெரிய சங்கங்களிலும் சேர்ந்த குடும்பங்கள் உறுதிமொழி எடுத்தன. எங்கள் மகள்களுக்குப் பாதம் கட்ட மாட்டோம் என்பது அதன் ஒரு பாதி. பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகன்களுக்கு எடுக்க மாட்டோம் என்பது மறு பாதி. இந்த இரண்டாவது வாக்குறுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் வாக்குறுதியை மட்டும் எடுத்தால் உங்கள் மகள் தனித்து நிற்பாள். இரண்டாவதையும் நூறு குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால், கட்டாத பெண்ணுக்கு நூறு வீட்டில் வரன் காத்திருக்கிறது. தாயின் பயத்துக்கு இருந்த காரணமே மறைந்துவிடுகிறது. கெரி மேக்கி என்ற அரசியல் அறிஞர் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கினார்.

எவ்வளவு வேகமாக மாறியது தெரியுமா? பெய்ஜிங்குக்குத் தெற்கே உள்ள டிங் மாவட்டத்தில் சிட்னி கேம்பிள் என்ற சமூக ஆய்வாளர் எடுத்த கணக்கு இருக்கிறது. அங்கே 1889இல் பாதக்கட்டு 99 விழுக்காடு. 1899இல் 94. 1919இல் பூஜ்ஜியம். பல நூறு ஆண்டுகள் நின்ற ஒன்று முப்பதே ஆண்டுகளில் போனது. உறுதிமொழிச் சங்கங்கள் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆலைநூல், பள்ளிக்கூடம், புரட்சி, புதிய சட்டம் எல்லாமே சேர்ந்து தள்ளின. ஆனால் மற்றவை இல்லாமல் சட்டம் தனியாக வந்தபோது என்ன நடந்தது என்பதை 1668லேயே பார்த்துவிட்டோம்.

இதில் பலர் பேசாமல் விடும் ஒரு துயரம் உண்டு. ஒழிப்பு இயக்கம் வேகமெடுத்தபோது, ஏற்கெனவே பாதம் சிதைந்த பெண்கள் நாட்டின் அவமானச் சின்னங்களாகப் பேசப்பட்டார்கள். ஷான்சி மாகாணத்தில் யென் ஷிஷான் ஆட்சியில் சோதனையாளர்கள் வீடு வீடாகப் போனார்கள், அபராதம் விதித்தார்கள். எலும்பு கூடிவிட்ட பாதத்தின் கட்டை அவிழ்த்தால் நடப்பதே நரகம், வலி கட்டும்போது இருந்ததற்குக் குறைந்ததல்ல. சின்ன வயதில் அழகுக்காக அழவைக்கப்பட்டவர்களை வயதான பின் சீர்திருத்தத்துக்காக அழவைத்தார்கள். தீங்கான வழக்கத்தை எதிர்ப்பவர்கள், அதற்கு ஆளானவர்களையே கேலிப்பொருளாக்குவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, எது தீங்கு என்பதை எப்படி முடிவு செய்வது? பார்க்க எவ்வளவு விபரீதமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யவே முடியாது. ஜப்பானில் இதற்கு அருமையான சான்று இருக்கிறது, அதுவும் ஒரே முகத்தில்.

எடோ காலத்தில் (1603–1868) மணமான பெண்கள் பற்களைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். இரும்புத் துண்டுகளைப் புளித்த திரவத்தில் ஊறவைத்து எடுத்த பழுப்பு நீரையும், துவர்ப்புச் சத்து நிறைந்த தாவரத் தூளையும் கலந்து, சில நாட்களுக்கு ஒருமுறை பல்லில் பூசுவார்கள். நல்ல கருமை ஏறும். அங்கே போன ஐரோப்பியர்கள் அருவருப்போடு எழுதிவைத்தார்கள். 1870இல் பிரபுக்களுக்கு அது தடை செய்யப்பட்டது. 1873இல் பேரரசியே வெள்ளைப் பற்களோடு பொதுவெளியில் தோன்றி வழிகாட்டினார். ஆனால் அந்தப் பூச்சு பல்லின் மேல் ஒரு படலமாகப் படிந்து சொத்தையைத் தடுத்தது. கெடுதல் இல்லை, நன்மைதான்.

அதே பெண்கள் முகத்தில் பூசிய வெண்மாவில்தான் நஞ்சு இருந்தது. அது ஈய வெள்ளை. யாருக்கும் அதைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றவில்லை. ஐரோப்பியச் சீமாட்டிகளும் அதையே பூசிக்கொண்டிருந்தார்கள். சாமுராய் குடும்பங்களின் புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது, தாய்மார்களின் எலும்பில் இருந்ததைவிடக் கைக்குழந்தைகளின் எலும்பில் ஈயம் அதிகமாக இருந்தது. தாயின் கழுத்திலும் மார்பிலும் பூசிய மாவு பால் குடிக்கும் குழந்தையின் வாய்க்குள் போயிருக்கிறது. 1887இல் பேரரசர் முன்னிலையில் கபுகி நாடகம் ஆடிய புகழ்பெற்ற நடிகர் நான்காம் நக்காமுரா ஃபுகுசுகே மேடையிலேயே கால் நடுங்கி நின்றார். ஆண்டுக்கணக்கில் பூசிய மாவின் ஈயம்தான் காரணம் என்று தெரிந்து நாடே பேசியது. 1923இல் கியோட்டோவின் மருத்துவப் பேராசிரியர் ஹிராய் இக்குதாரோ, மூளைக்காய்ச்சல் என்று எண்ணப்பட்ட ஒரு குழந்தை நோய், உண்மையில் தாயின் முகமாவிலிருந்து வந்த ஈய நஞ்சு என்று கண்டுபிடித்தார். 1930களில்தான் ஈய மாவுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

இந்த ஈய வெள்ளை ஜப்பானியக் கண்டுபிடிப்பும் அல்ல. கி.மு. நான்காம் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் அதைச் செய்யும் முறையை எழுதியிருக்கிறார்: புளிக்காடிக்கு மேலே ஈயத்தை வைத்து மூடி, பத்து நாள் கழித்துத் திறந்து, மேலே பூத்த வெள்ளையைச் சுரண்டி எடுத்து அரைப்பது. அதைக் குடித்தால் என்னென்ன ஆகும் என்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நிக்காண்டர் செய்யுளாகவே எழுதினார். ஈயம் உருக்கும் தொழிலாளிகளின் முகம் வெளிறிக்கிடப்பதை ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் கவனித்திருக்கிறார். குடித்தால் நஞ்சு என்று தெரிந்தது. தொழிலாளியின் உடலைக் கெடுக்கும் என்று தெரிந்தது. முகத்தில் பூசுவதை மட்டும் ஈராயிரம் ஆண்டு நிறுத்தவில்லை. துளித்துளியாகச் சேரும் நஞ்சு எந்த நாளிலும் 'இன்றுதான் கெடுதல் நடந்தது' என்று காட்டிக்கொடுப்பதில்லை. பாதக்கட்டில் தீங்கு கண்முன்னே கதறியது. இங்கே அது பவுடரின் வெண்மைக்குள் மறைந்துகொண்டது. நீண்டகாலம் ஏமாற்றியது இரண்டாவதுதான்.

மண்டையோட்டை உருமாற்றும் வழக்கமும் இப்படிக் கண்ணை ஏமாற்றக்கூடியது. பெருவின் பராக்காஸ் கல்லறைகளில் கிடைத்த நீண்ட மண்டைகளைப் பார்த்துவிட்டு வேற்றுக்கிரகவாசிகள் என்று காணொளி போடுகிறார்கள். குழந்தை பிறந்த சில மாதங்களில் எலும்பு இளகி இருக்கும்போது துணியாலோ பலகையாலோ கட்டி வடிவம் கொடுத்ததுதான் அது. மத்திய அமெரிக்காவின் மாயர்கள், ஹூணர்கள், காங்கோவின் மங்பேத்து மக்கள், அண்மைக்காலம் வரை பிரான்சின் துலூஸ் பகுதி விவசாயிகள் எனப் பலர் செய்தார்கள். ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூலொன்று நீள்தலை மக்களைக் குறிப்பிட்டு, நீண்ட தலையே உயர்குலத்தின் அடையாளம் என்று அவர்கள் கருதியதாகச் சொல்கிறது. அளந்து பார்த்ததில் மண்டையின் கொள்ளளவு பெரிதாகக் குறையவில்லை. பார்வைக்கு அதிர்ச்சி, விளைவில் பாதக்கட்டின் அருகில்கூட வராது.

மண்டையில் துளையிட்டதும் அப்படியே. அதைப் பேய் விரட்டும் சடங்காகவே பலர் நினைக்கிறார்கள். பெருவில் கிடைத்த நூற்றுக்கணக்கான துளையிட்ட மண்டைகளை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, இன்காக்கள் காலத்தில் 75 முதல் 83 விழுக்காட்டினர் பிழைத்ததைக் காட்டுகிறது. துளையின் விளிம்பில் எலும்பு மறுபடி வளர்ந்திருப்பதே அதற்கு அடையாளம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே சிகிச்சை பெற்ற வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். பல மண்டைகளில் கவண்கல்லும் தடியும் பட்ட முறிவுகள் தெரிகின்றன. அடிபட்டவனைக் காப்பாற்றச் செய்த வைத்தியம்தான் அதில் பெரும்பங்கு.

அப்படியானால் நான் எதைப் பார்ப்பேன்? யாருடைய உடல், என்ன வயது, மறுத்திருக்க முடியுமா, பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா? இந்த நான்கையும் கேட்காமல் எந்தச் சடங்கைப் பற்றியும் நான் கருத்துச் சொல்வதில்லை.

மாயர்களின் யாஷ்சிலான் நகரிலிருந்து லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போன ஒரு வாசல் மேற்கல் இருக்கிறது. கி.பி. 709இல் நடந்த சடங்கு அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசி கபால் ஷோக் மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் துளை வழியாக இழுக்கிறார். எதிரே அரசன் இத்சாம்னாஜ் பாலம் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறான். கீழே கூடையில் மரப்பட்டைக் காகிதத்தின் மீது இரத்தம் சொட்டுகிறது. அந்தக் காகிதத்தைப் பிறகு எரிப்பார்கள், எழும் புகையில் முன்னோர் தோன்றுவார்கள் என்பது நம்பிக்கை. ஆண்கள் திருக்கை மீனின் வால்முள்ளால் தங்கள் ஆணுறுப்பைக் குத்தி இரத்தம் கொடுத்தார்கள். படிக்கவே உடல் கூசுகிறது. ஆனாலும் இங்கே இரத்தம் சிந்துவது அதிகாரத்தில் இருப்பவர், வயது வந்தவர், தன் உடலையே கொடுக்கிறார். ஆட்சி செய்யும் உரிமைக்கு அது ஒரு கட்டணம் போல. அந்த அரசிக்கு மறுக்கும் உரிமை முழுதாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் காலை முறிப்பதோடு இதை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில் நடந்தது இன்னொரு வகை. ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியா என்ற தெய்வத்தின் பலிபீடத்தில் சிறுவர்களைச் சாட்டையால் அடிக்கும் சடங்கு. கி.மு. நான்காம் நூற்றாண்டின் செனபோன் சொல்வதைப் பார்த்தால் அது முரட்டு விளையாட்டு போலத்தான் இருக்கிறது: சிறுவர்கள் பலிபீடத்திலிருந்து பாலாடைக்கட்டிகளைத் திருட வேண்டும், காவல் நிற்பவர்கள் அடித்து விரட்ட வேண்டும். கி.மு. 371இல் லூக்ட்ராவில் தோற்ற பின் ஸ்பார்ட்டாவின் வலிமை சரிந்தது. பிறகு ரோமின் கீழ் ஒரு சாதாரண ஊரானது. அப்போது அந்தச் சடங்கு மென்மையாகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக நடந்தது. பாலாடைக்கட்டித் திருட்டு மறைந்து, அசையாமல் நின்று அடி வாங்குவது மட்டும் மிஞ்சியது. இளைஞர்கள் பலர் அந்த அடியில் சாவதைத் தானே பார்த்ததாக ரோமானிய ஆட்சிக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அதே ஆட்சிக் காலத்துப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் தரும் செய்தி இன்னும் துல்லியம்: பூசாரிப் பெண் தெய்வத்தின் சிறிய மரச்சிலையை ஏந்தி நிற்பாள், ஒரு சிறுவனின் அழகையோ குலத்தையோ பார்த்து அடிப்பவர் கை தளர்ந்தால், சிலை கனக்கிறது, தாங்க முடியவில்லை என்று அவள் புகார் சொல்வாள். உடனே அடி வேகமெடுக்கும்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பலிபீடத்தைச் சுற்றிப் பார்வையாளர் அரங்கமே கட்டினார்கள். அதன் அடித்தளத்தை 1906 முதல் 1910 வரை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். பழைய ஸ்பார்ட்டாவின் வீரத்தைக் கண்ணால் காண வந்த செல்வந்தர்களுக்காக அந்த ஊர்ப் பிள்ளைகள் இரத்தம் சிந்தினார்கள். 'எங்கள் முன்னோர் அப்படியே செய்தார்கள்' என்று யாராவது ஒரு கொடிய சடங்குக்கு வக்காலத்து வாங்கும்போதெல்லாம் எனக்கு இந்த அரங்கம் நினைவுக்கு வருகிறது. முன்னோர் செய்ததைவிடக் கொடுமையாகப் பின்னோர் செய்தார்கள், முன்னோர் பெயரைச் சொல்லி. பெருமையை இழந்த சமூகம் அதைப் பிள்ளைகளின் முதுகில் தேடியது.

பெண்களின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வி பண்டைய காலத்தைப் பற்றியதுதான். ஆனால் இந்த வழக்கம் அங்கிருந்து இங்குவரை அறுபடாமல் வந்திருக்கிறது. கி.மு. 163ஆம் ஆண்டைச் சேர்ந்த பப்பைரஸ் மனு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எகிப்தின் மெம்ஃபிஸ் கோயிலில் தங்கியிருந்த ஹர்மாயிஸ் என்பவர் அதிகாரியிடம் கொடுத்த பண முறையீடு அது. தாத்தெமிஸ் என்ற சிறுமி தன்னிடம் சேமித்து வைத்திருந்த 1,300 திராக்மாவை அவளுடைய தாய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், சொன்னதைச் செய்யவில்லை, இப்போது சிறுமி பணத்தை என்னிடம் கேட்கிறாள் என்பது புகார். தாய் என்ன சொல்லி வாங்கினாள்? மகள் எகிப்திய வழக்கப்படி வெட்டப்படும் வயதுக்கு வந்துவிட்டாள், அதைச் செய்து, நல்ல உடை உடுத்தி, சீர் கொடுத்துக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி. வெட்டு, உடை, சீர், கல்யாணம். நான்கும் ஒரே மூச்சில், கல்யாணச் செலவுக் கணக்காக வருகிறது. சீனத் தாயின் கவலையும் இந்த எகிப்தியத் தாயின் கவலையும் ஒன்றே.

2024இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி, இதற்கு ஆளாகி உயிரோடு இருக்கும் பெண்களும் சிறுமிகளும் 23 கோடிக்கு மேல். இரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர் அடைப்பு, வாழ்நாள் வலி எல்லாம் உண்டு. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட முடிவு: இதன் காரணமாக 100 பிரசவங்களுக்குக் கூடுதலாக ஒன்று அல்லது இரண்டு சிசுக்கள் இறக்கின்றன. எந்த மருத்துவ நன்மையும் கிடையாது. எகிப்தில் இப்போது மருத்துவப் பணியாளர்களே மயக்க ஊசி போட்டுச் செய்வது அதிகரித்திருக்கிறது. கத்தி சுத்தமாகிவிட்டதால் செயல் சரியாகிவிட்டது என்ற எண்ணத்தை அது பெற்றோருக்குக் கொடுத்துவிடுகிறது. வெட்டியது வெட்டியதுதான்.

வெளியிலிருந்து வந்த தடை இங்கேயும் தோற்றது. 1946இல் சூடானில் பிரிட்டிஷ் ஆட்சி அதன் மிகக் கடுமையான வடிவத்தைக் குற்றமாக்கியது. ருஃபாவா ஊரில் ஒரு மருத்துவச்சியைச் சிறையிலடைத்தபோது ஊரே திரண்டு கலகம் செய்தது. கென்யாவின் மேரு பகுதியில் 1956இல் தடை வந்தது. விடுதலைப் போர்க் காலம் வேறு. சிறுமிகளே சவரக் கத்தியை வாங்கி ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் 2,400க்கு மேற்பட்டவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அன்னிய ஆட்சியை எதிர்க்கும் துணிச்சலாக அந்தக் காயம் மாறிப்போயிற்று.

செனகலில் 1997 ஜூலை 31 அன்று மலிக்குண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், தோஸ்தான் என்ற அமைப்பின் வகுப்புகளில் உடல்நலமும் மனித உரிமையும் படித்தவர்கள், இனி வெட்ட மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அக்கம்பக்கத்தில் கடும் எதிர்ப்பு. அப்போது கேர் சிம்பாரா கிராமத்து இமாம் டெம்பா ஜவாரா ஒன்றைச் சொன்னார்: ஒரு கிராமம் தனியாக விட்டால் நிற்காது, நாம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லா ஊர்களும் சேர வேண்டும். சொன்னதோடு நிற்காமல் உறவினர் வாழும் ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. சீன உறுதிமொழிச் சங்கங்களைப் பற்றி அவர் படித்திருக்கவில்லை. சம்பந்த வழியாக நுழைந்ததைச் சம்பந்த வழியாகத்தான் வெளியேற்ற முடியும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார். செனகலில் சட்டம் 1999இல் வந்தது. அங்கே வேலை முடிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் ஏறக்குறைய கால் பங்கினர் வெட்டப்பட்டவர்களாக இருந்தார்கள். ஆனால் ஊர் ஊராக அறிவிப்புகள் தொடர்கின்றன.

கடைசியாக, இன்றைய அளவுகோலால் அன்றைய மக்களை எடைபோடலாமா என்ற உங்கள் கேள்வி. இன்றைய அளவுகோல் தேவையே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே சே ருவோஷுய் என்ற சீன அறிஞர், நான்கைந்து வயதுகூட ஆகாத, ஒரு பாவமும் அறியாத குழந்தைகளை எல்லையில்லா வலிக்கு ஆளாக்குகிறார்களே, இதனால் யாருக்கு என்ன பயன் என்று எழுதிவிட்டார். மங்கோலியர், மஞ்சுக்கள், மேற்கத்தியர் யாரும் வந்து அவருக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாக் காலத்திலும் உள்ளுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். கேட்ட பின் ஒரு தனிக் குடும்பத்தால் அதைச் செயலாக்க முடியவில்லை. ஆகவே அந்தத் தாய்மார்களை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். அந்த வழக்கத்தை, பண்பாடு என்ற பெயரில் ஒரு நிமிடம்கூடக் காப்பாற்றவும் மாட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தோன்றவில்லை.

இது முடிந்துபோன வரலாறு என்று யாராவது சொன்னால் காம்பியாவைப் பாருங்கள். 2015இல் தடைச் சட்டம் வந்தது. 2023இல் முதன்முறையாகத் தண்டனை விதிக்கப்பட்டதும், தடையை நீக்கக் கோரும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது; மதமும் மரபும் காரணமாகச் சொல்லப்பட்டன. வெட்டப்பட்ட பெண்களே முன்வந்து பேசினார்கள், உறுப்பினர்களைச் சந்தித்தார்கள், வாதாடினார்கள். 2024 ஜூலையில் மசோதா தோற்றது.